இந்தப் பெட்டியைக் கட்டியது யார்?

கயிறு கட்டிய அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் உதட்டைச் சுழிக்கிற ஆளாக நீங்கள் இருந்தால், தயவுசெய்து இந்த வேலைக்கு வராதீர்கள். உலகத்தில் வேறு வேலையா இல்லை? தேனியில் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச வந்தபோதே இதைச் சொன்னேன். முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தீர்கள். யார் என்று எனக்குத் தெரியும். பேசுவதற்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள். அதில் பாதி சால்வை போடுவதற்கும் போட்டோ எடுப்பதற்கும் போய்விட்டது. அன்றைக்குத் தொண்டையில் நின்றுபோன மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

நான் கோம்பைக்காரி. விமானக் கம்பெனி ஒன்றின் செக்-இன் கவுண்டரில் தலை நரைக்கும்வரை நின்றவள். முதலில் சென்னை, பிறகு மதுரை. இப்போது உத்தமபாளையத்தில் வீடு. ஓய்வு பெற்றும் ஓய்வு இல்லை. வெளிநாடு போகிறவர்கள் இன்னும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வருகிறார்கள். "யக்கா, இது ஏறுமா, ஏறாதா பாத்துச் சொல்லுங்க" என்று நடுக்கூடத்தில் திறந்து வைக்கிறார்கள். காப்பி போட்டுக் கொடுத்துப் பார்த்துச் சொல்லி அனுப்புகிறேன்.

எத்தனை கிலோ, எந்தப் பையில் எது என்பதெல்லாம் உங்களுக்குப் பாடமாகவே கொடுத்திருக்கிறார்கள். படித்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் வைக்கக் கூடாது. ஊறுகாயும் எண்ணெயும் பெட்டியில்தான். கொப்பரை இரண்டிலும் கிடையாது, எண்ணெய்ச் சத்து தீப்பிடிக்கும். கற்பூரமும் அப்படித்தான். அம்மன் கோயில் பிரசாதத்தோடு இருந்த கற்பூரத்தை வெளியே எடுத்து வைத்ததற்காக, "நீ வெளங்கவே மாட்ட" என்று ஒரு பெரியவர் கவுண்டரிலேயே எனக்குச் சாபம் விட்டிருக்கிறார். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். எடை கூடிப்போய்விட்டது என்றதும் சித்திரை வெயிலில் நாலு சட்டையும் மேலே ஒரு கோட்டும் மாட்டிக்கொண்டு வியர்த்து வழிந்தபடி நின்ற சின்னமனூர்க்காரரையும் பார்த்திருக்கிறேன். "குளிருதுங்க" என்றார். சரி, குளிரட்டும் என்று விட்டுவிட்டேன். இதெல்லாம் அனுபவத்தில் தானாக வந்துவிடும்.

நான் சொல்ல வந்தது, நீங்கள் பயணியிடம் கேட்கிற ஒரு கேள்வியைப் பற்றி. 'இந்தப் பெட்டியை நீங்களே கட்டினீர்களா?' என்று கேட்பீர்கள். அவர் 'ஆமாம்' என்பார். நீங்கள் டேக் ஒட்டுவீர்கள், பெட்டி பெல்ட்டில் போய்விடும். நாள் முழுக்க இதுதான் நடக்கும். அந்த 'ஆமாம்' நம் ஊரில் சல்லிக்காசு பெறாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஏன் என்று கேளுங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் எவன் தன் பெட்டியைத் தானே கட்டியிருக்கிறான்? ஒரு ஆள் விமானம் ஏற ஒரு வேன் சனம் வழியனுப்ப வரும். அதற்கு முதல் நாளே தெரு முழுக்க அந்த வீட்டில்தான் இருக்கும். பெரியம்மா அதிரசம் கொண்டு வருவாள். பக்கத்து வீட்டுக்காரி, அங்கே வேலை பார்க்கும் தன் மகனுக்கு என்று ஒரு பொட்டலம் நீட்டுவாள். வாங்க மாட்டேன் என்று சொல்லிப் பாருங்களேன்! அடுத்த கல்யாணத்துக்கு உங்கள் வீட்டுப் பந்தலில் ஒரு காக்காய் உட்காராது. கயிறு கட்டுவது மாமன். பேர் எழுதுவது படித்த பிள்ளை எதுவோ ஒன்று. போகிற ஆள் செய்கிற ஒரே வேலை, பெட்டியைத் தூக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான். இதற்கு மேல் ஊர் ஏஜெண்ட் வேறு சொல்லி அனுப்பியிருப்பார்: "பெட்டியை நீயே கட்டுனியானு கேப்பாக, ஆமானு சொல்லு. வேற என்னத்தக் கேட்டாலும் இல்லைனு சொல்லிரு." சோலி முடிந்தது.

இதில் ஒரு பொருளின் பேரை நீங்கள் தூக்கத்திலும் மறக்கக் கூடாது. கசகசா. நமக்கு அது குழம்புக்கு அரைக்கிற சாமான், பாயசத்தில் போடுகிற சாமான், எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். வளைகுடா நாடுகள் பலவற்றில் அது போதைப்பொருள் கணக்கில் வரும். ஒரு சிட்டிகை என்றாலும் வழக்குதான். தெரியாமல் கொண்டுவந்தேன் என்று அழுதால் அங்கே யாரும் கண்ணைத் துடைத்துவிட மாட்டார்கள். நம் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர் இப்படி மாட்டினார். யாரோ கொடுத்தனுப்பிய பிரியாணி மசாலாப் பொட்டலம் அது. அவர் மனைவி கைக்குழந்தையோடு மதுரைக்கு வந்து, எங்கள் கவுண்டர் முன்னால் நின்று, "எங்க வீட்டுக்காரர் பெட்டியை வாங்கி ஏத்திவிட்டது யாரும்மா? அவுக ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அந்த ஓட்டுநர் போனது வேறு கம்பெனி விமானத்தில். அந்தம்மாவுக்கு அதெல்லாம் தெரியவில்லை. கவுண்டர் என்று இருந்தது, வந்து கேட்டார். அன்றிலிருந்து வளைகுடா விமானம் என்றால் நான் அந்தக் கேள்வியைப் புத்தகத்தில் இருக்கிறபடி கேட்பதை விட்டுவிட்டேன். 'வழியனுப்ப யார் யார் வந்தாக, என்னென்ன குடுத்தாக?' என்று கேட்பேன். சொந்தபந்தத்தைப் பற்றிக் கேட்டால் நம் சனம் பொய் சொல்லாது. யார் கொடுத்தது, யார் கொடுக்காமல் விட்டது என்று பட்டியல் போட்டுச் சொல்லிவிடும்.

அப்படித்தான் வீரம்மாள் வந்தாள். கடமலைக்குண்டுக்காரி. மகள் துபாயில் இருந்தாள், மருமகனுக்கு அங்கே ஏசி மெக்கானிக் வேலை. தலைப்பிரசவம். நாள் நெருங்கிவிட்டது. பார்த்துக்கொள்ள அங்கே ஒரு மனுசி கிடையாது. விசா வருவதற்குத் தாமதமாகி, அந்த மத்தியான விமானத்தை விட்டால் அடுத்து என்றைக்கு இடம் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. இதையெல்லாம் நான் கேட்காமலே, வரிசையில் தனக்கு முன்னால் நின்றவரிடமும் பின்னால் நின்றவரிடமும் சொல்லிக்கொண்டே வந்தாள். கவுண்டர் மூட அதிக நேரம் இல்லை. வேன் வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டதாம்.

பெட்டியைத் தராசில் வைத்ததுமே வாசனை வந்துவிட்டது. சுக்கு, திப்பிலி, ஓமம், பூண்டு, கருப்பட்டி. எங்கள் பக்கத்துப் பிரசவ மருந்து. கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன்.

"பெட்டியை நாந்தான் கட்டுனேன், வேற ஒண்ணும் இல்ல தாயி" என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. ஏஜெண்ட் நன்றாகத்தான் பாடம் நடத்தியிருந்தார்.

"அது கெடக்கட்டும்க்கா. தலைப்பிரசவத்துக்குப் போறீக, வெறுங்கையோடயா அனுப்புவாக? யாரு என்ன குடுத்தாக?"

முகம் மலர்ந்துவிட்டது. "ஏன் கேக்குற! சித்தி வீட்டுல சுக்கு. எங்க அத்தை பொழுதன்னைக்கும் ஒக்காந்து பூண்டு உரிச்சுக் குடுத்தாக. கருப்பட்டி என் தம்பி வாங்கியாந்தான். மருந்துப் பொடியும் குழம்புப் பொடியும் எங்க மதினி வறுத்து இடிச்சுக் குடுத்தா. எங்க அண்ணன் பொண்டாட்டி, பேச்சி."

"மருந்துப் பொடியில என்னென்ன போட்டாக?"

"அது அவளுக்குத்தான் தெரியும். இடிக்கிற அன்னைக்கு நான் விசா விசயமா தேனிக்குப் போயிட்டேன்."

எங்கள் பக்கத்தில் அந்தப் பொடிக்குச் சில வீடுகளில் கசகசா போடுவார்கள், சில வீடுகளில் போட மாட்டார்கள். வறுத்து இடித்துச் சலித்த பிறகு எந்த வீட்டுப் பொடியும் ஒரே நிறம்தான். எக்ஸ்ரேக்கு அது பொடி, அவ்வளவுதான். அந்தப் பெட்டி ஏற்கெனவே எக்ஸ்ரேயைத் தாண்டி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டுதான் என்னிடம் வந்திருந்தது. நான் டேக் ஒட்டினால் போய்விடும். ஒட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்துக் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் என் வரிசையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வீரம்மாளைப் பெட்டியோடு ஓரமாகக் கூப்பிட்டுப்போய் விசயத்தைச் சொன்னேன். அவளுக்குப் புரியவே இல்லை. "கசகசாவுக்கா? கசகசாவுக்கா செயிலு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். லாரி ஓட்டுநர் கதையைச் சொன்னேன். அப்போதுதான் முகம் வெளுத்தது.

"மதினிக்குப் போன் போடுங்க. போட்டாகளா இல்லையானு கேட்டுருவோம்" என்றேன்.

ஸ்பீக்கரில் போட்டாள். நாலைந்து மணி அடித்த பிறகு எடுத்தார் மதினி.

"மதினி, மருந்துப் பொடியில கசகசா போட்டியா?"

"அங்கன போயி நின்னுக்கிட்டு இதையா கேக்குற?" குரலே சண்டைக்கு நின்றது. "போடாம என்ன? அள்ளி அள்ளிப் போட்டேன். பச்ச உடம்புக்காரி, நல்லாத் தூங்கட்டும்னு போட்டேன். என்னமோ நான் கஞ்சத்தனம் பண்ணிட்ட மாதிரியில்ல கேக்குற!"

நான் தலையில் கை வைத்தேன். வீரம்மாள் போனை மூடிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"பெருமைக்குச் சொல்றா தாயி. கசகசா விக்கிற வெலையில இவளாவது அள்ளிப் போடுறதாவது! எச்சக்கையில காக்கா வெரட்ட மாட்டா. என் கல்யாணத்துக்கே கடுகை எண்ணிப் போட்டவ. அதுல ஒரு மணி இருக்காது. நீ பேசாம ஏத்தி விடு."

பாருங்கள், பிள்ளைகளே. ஒரு பெண்ணின் தலைவிதி ஒரு நாத்தனார் சண்டையில் வந்து நின்றது. எந்தப் பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லித் தருவார்கள்? கசகசா போட்டாயா என்று கேட்டால், எங்கள் ஊரில் அதற்கு 'நீ கஞ்சமா?' என்று அர்த்தம். போடாதவளும் போட்டேன் என்றுதான் சொல்லுவாள். நான் போனை வாங்கினேன்.

"அண்ணி, நான் ஏர்போர்ட்டுல இருந்து பேசுறேன், கோம்பைக்காரி. சமையலுக்குக் குத்தம் சொல்லக் கேக்கல. அதுல கசகசா இருந்தா உங்க நாத்தனாவை அங்கன எறங்கின எடத்துலயே புடிச்சு உள்ள வச்சுருவாக. உண்மையைச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஒரே ஓலம்.

"ஏ ஆத்தா! போடல தாயி, ஒண்ணுமே போடல! என் பிள்ளைக சத்தியமா ஒரு மணி போடல! சும்மா ஒரு வாய்ப்பேச்சுக்குச் சொன்னேன்!"

"பாத்தியா, நான் சொல்லல?" என்றாள் வீரம்மாள். பெட்டியைத் தூக்கவே குனிந்துவிட்டாள்.

எனக்கோ அப்போதுதான் சந்தேகம் கூடியது. முதலில் சொன்னது வீம்பில் வந்தது. இரண்டாவதாகச் சொன்னது பயத்தில் வந்தது. எது நிசம்? 'இல்லை' என்ற பதிலைத்தான் நானும் கேட்க ஆசைப்பட்டேன், அதனாலேயே அதை நம்பக் கூடாது என்று பட்டது. இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். நெருக்கடியில் நிற்கும்போது, நம் தலைவலியைத் தீர்க்கிற பதில் வந்தால் நம்பிவிடத் தோன்றும். வரிசை நிற்கிறது, கவுண்டர் மூடப்போகிறது, அந்தம்மாவே போடவில்லை என்று சத்தியம் செய்கிறார், பிறகு நமக்கு என்ன என்று மனசு சொல்லும். மனசு அந்த நேரத்தில் சோம்பேறி.

"அக்கா, ரெண்டு பொடியும் ஏறாது. வெளிய எடுங்க. முழுச் சுக்கு, பூண்டு, கருப்பட்டி எல்லாம் போகட்டும்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"அந்த மருந்துக்குத்தானே நான் போறேன்? அதை எடுத்துட்டு நான் எதுக்குப் போகணும்? ஏறாதுன்னா பெட்டியை எறக்கு. நானும் போகல."

அந்த நேரம் பார்த்து எங்கள் கம்பெனியின் ஸ்டேஷன் மேனேஜர் வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். விமானம் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"மேடம், என்ன பண்றீங்க? ஸ்க்ரீனிங் முடிஞ்ச பெட்டியைத் திறந்தா திரும்ப ஸ்க்ரீனிங் போகணும். டைம் எங்க இருக்கு? ஒண்ணு ஏத்துங்க, இல்ல ஆளை ஆஃப்லோடு பண்ணுங்க."

விசயத்தைச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் என்ன? நம்ம வேலை வெயிட் பார்த்து டேக் போடறது. அங்க பிடிச்சா அது அவங்க ப்ராப்ளம்."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "அவுக ப்ராப்ளம் ஆகுறப்ப அந்தப் பெட்டியில நம்ம டேக்குதான் சார் தொங்கும். நான் ஒட்ட மாட்டேன். நீங்க வேணும்னா உங்க கையால ஒட்டுங்க" என்று டேக்கை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஏத்தச் சொல்லுகிற வாய் எப்போதும் இருக்கும், ஒட்டுகிற கை நம்முடையதாக இருக்கும் வரைக்கும். இப்படி யாராவது உங்களை அவசரப்படுத்தினால் டேக்கை அவர் பக்கம் நீட்டிப் பாருங்கள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வரிசையில் இருந்த ஒருவர், "ஒரு அம்மாவுக்காக எல்லாரும் காத்துக் கெடக்கணுமா?" என்று சத்தம் போட்டார். "ஆமா, கெடங்க" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று உங்கள் பயிற்சியாளர் சொல்லுவார். சொல்லட்டும்.

வீரம்மாள் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். போக மாட்டாளாம். கெஞ்சினால் நடக்காது என்று தெரிந்தது. நம் சனத்தைக் கெஞ்சினால் இன்னும் விறைக்கும். எனக்கும் கோபம் குறைச்சலாக இல்லை.

"சரி, போக வேணாம். ஒங்க வேன் வெளியதான் நிக்கும், ஏறிப் போங்க. மதினி இடிச்ச மருந்தை மதினி வீட்டுலயே கொண்டுபோயிக் குடுங்க. அங்கன ஒங்க மகளுக்கு வலி எடுத்து, ஆத்தா எங்கனு தேடும்ல, அப்ப போன்ல சொல்லுங்க: மருந்தை விட மாட்டேன்னாக, அதான் நானும் வரலனு. மருந்து இல்லாம நீங்க போகலாம். நீங்க உள்ள கெடந்தா மருந்து மட்டும் நடந்து போயி ஒங்க மகளைப் பாக்குமா?"

அவள் அழுதாள். சத்தமாக, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். பிறகு சட்டென்று எழுந்தாள். கயிற்றைப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள். பொட்டலம் பொட்டலமாக எடுத்துத் தரையில் அடித்தாள்.

"இந்தா மருந்துப் பொடி. இந்தா குழம்புப் பொடி. எடுத்துக்க. பச்ச உடம்புக்காரி வயித்துல அடிக்கிற, நல்லா இரு!"

"நல்லாத்தான் இருப்பேன். இது என்ன?"

"மிட்டாயி."

"யாரு குடுத்தாக?"

"அடுத்த தெரு பொன்னுத்தாயி. அவ மகனுக்காம்."

திறந்து பார்த்தேன். மிட்டாய்தான். அது போகட்டும் என்றேன். இன்னொரு பொட்டலத்தில் என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. அதுவும் வெளியே வந்தது. முழுதாகக் கண்ணுக்குத் தெரிகிற சாமான் எல்லாம் உள்ளே போனது. பொடியாக இருந்தது, யார் கட்டியது என்று தெரியாதது, இரண்டும் வெளியே நின்றது. இதைவிடப் பெரிய சாத்திரம் ஒன்றும் அன்றைக்கு என்னிடம் இல்லை.

பெட்டியை நானே தள்ளுவண்டியில் வைத்து ஸ்க்ரீனிங்குக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். சேலை கட்டிக்கொண்டு ஓடுகிற ஓட்டத்தை அங்கே எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். கயிறு கட்ட நேரமில்லை, டேப்பைச் சுற்றினேன். அவள் உள்ளே போகிறபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொட்டலங்களை வெளியே நின்ற அவள் தம்பியிடம் கொடுத்தேன். அவன் அவற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். விமானம் கொஞ்சம் தாமதமாகத்தான் கிளம்பியது. தாமதம் என் பேரில் எழுதப்பட்டது.

அடுத்த வாரம் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். தடை செய்யப்பட்ட பொருள் இருந்ததற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். ஆதாரம் இல்லை, இருந்ததா என்றே எனக்குத் தெரியாது, தெரியாததால்தான் இறக்கினேன் என்றேன். வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றார் மேனேஜர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு வருத்தம் இல்லையே சார், இல்லாததை எப்படி எழுதுவது என்று கேட்டேன். கவுண்டரிலிருந்து தூக்கி, வந்துசேராத பெட்டிகளுக்கான மேசையில் போட்டார்கள். வர வேண்டிய பதவி உயர்வும் வரவில்லை. நாள் முழுக்க அந்த மேசையில் திட்டு வாங்கினேன். வீட்டில் என் கணவர், "ஒரு வரிதானே, எழுதிக் குடுத்தா என்ன கொறஞ்சா போயிரும்?" என்றார். குறைந்துதான் போயிருக்கும். நான் எழுதிக் கொடுத்திருந்தால், அடுத்த கசகசாப் பொட்டலத்தின்போது அந்தக் கவுண்டரில் நிற்கிற பிள்ளை, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று டேக்கை ஒட்டியிருக்கும். அதனால்தான் எழுதவில்லை.

இந்த வேலையில் உங்களுக்கு ஒன்று மட்டும் கிடைக்காது. நீங்கள் செய்தது சரி என்று யாரும் வந்து சான்றிதழ் தர மாட்டார்கள். நடக்காமல் போன கெடுதலை யார் கண்ணால் பார்ப்பார்கள்? தப்பாக ஏற்றிவிட்டால் ஊருக்கே தெரியும். சரியாக இறக்கிவிட்டால், வெட்டியாகத் தாமதம் செய்தவள் என்ற பேர்தான் மிஞ்சும். அந்தப் பேரைத் தாங்க முடியாதவர்கள் வேறு கவுண்டருக்குப் போகலாம். சினிமாத் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கலாம், அங்கே எல்லோரும் சந்தோசமாகத்தான் வருவார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் தேனி உழவர் சந்தையில் கீரை பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"ஏய், நீதானே அந்த ஏரோப்பிளேன்காரி?"

திரும்பினால் வீரம்மாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

"ஒன்னைய என்னைக்காவது பாப்பேன்னுதான் இருந்தேன்! எறங்கின மறுநாளே எம் மகளுக்கு வலி எடுத்துருச்சு. அங்கன ஒரு நாதி இல்ல. இவளை மொதல்ல எங் கையிலதான் குடுத்தாக, தெரியுமா? மருந்துக்கு ஒரு உருண்டை இல்லாமப் பண்ணிட்டியே பாவி! நீ விட்ட வெறுஞ் சுக்கை வச்சு நான் என்னத்தக் கிண்டுவேன்? அங்கன உரலா இருக்கு, அம்மியா இருக்கு? டம்ளரைக் கொண்டு இடிச்சேன், டம்ளரைக் கொண்டு! கையெல்லாம் கன்னிப்போச்சு. இங்கன வந்தா எங்க மதினி குலசாமி மேல சத்தியம் பண்றா, அந்தப் பொடியில ஒரு மணி கசகசா கெடையாதாம்!"

காய் வாங்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள். கீரைக்காரி தராசைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். பொடியில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். எனக்கு இன்றைக்கு வரை தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. வீரம்மாள் கையை ஆட்டிப் பேசிய வேகத்தில் பேத்தி இடுப்பிலிருந்து நழுவினாள். அவளைத் தூக்கிச் சரியாக உட்கார வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

திட்டட்டும். நடுச்சந்தையில் நின்று, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாய் வலிக்கிற மட்டும் திட்டட்டும். எந்தக் கம்பிக்கும் பின்னால் இல்லாமல் அவள் திட்ட வேண்டும் என்றுதானே அன்றைக்கு நான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். உங்களுக்கும் இப்படித் திட்டுகிறவர்கள் ஊருக்கு நாலு பேராவது அமையட்டும்.